வதனி படி இறங்கின பிறகு சொல்லு

தவராசா அண்ணை இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் தவராசா அண்ணையேதான்.

சுவிஸில், ஊஸ்டர் நகரில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முழங்கால் மாற்றும் சத்திரசிகிச்சை முடிந்து, நடைப்பயிற்சி நிலையத்தில் சில வாரங்கள் கிடந்து, வீடு திரும்பிய பின் மூன்றாம் மாடியிலிருந்து முதன்முதலாகத் தனியே இறங்கிய நாள் அது. தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஊன்றுகோல்களோடு நின்றபடி என் காலை ஒரு படம் எடுத்து, “இறங்கிட்டன் அண்ணை!” என்று எழுதி அவருக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அவருடைய இலக்கத்திலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது.

“வதனி, இது உன்னட்ட வருகுதெண்டா நீ படி இறங்கிட்டாய். கெட்டிக்காரி. முதல் எங்கையாவது இரு. நிண்டுகொண்டு கேக்காதை. இருந்திட்டியோ? சரி. நான் செத்துப்போனன், பிள்ளை. எப்ப எண்டதை ராணி சொல்லுவாள். கோவிக்காதை. கோவிச்சாலும் பரவாயில்லை, நடக்கிறதை மட்டும் விட்டிடாதை.”

கீழ்ப்படியில் அமர்ந்தேன். விசர் மனிதன், இதென்ன பகிடி என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடியும் கேட்டேன். அவர் குரலுக்குப் பின்னால் வைத்தியசாலை வண்டி ஒன்று உருண்டு போகும் சத்தம் கேட்டது. அவருடைய மனைவி ராணி அக்காவை அழைத்தேன். எடுத்த கையோடு அழத் தொடங்கினார். “எல்லாம் முடிஞ்சு ரெண்டு கிழமையாச்சு, வதனி. நான் என்ன செய்ய? ‘வதனி படி இறங்கின பிறகு சொல்லு’ எண்டு சத்தியம் வாங்கிப்போட்டார்” என்றார். அழைப்பைத் துண்டித்தேன். அன்றைக்கு மேலே ஏறப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி ராணி அக்காதான் கேட்டார். எழுதினால் எல்லாவற்றையும் எழுதுவேன், புகழ்ச்சி மட்டும் எழுத என்னால் ஏலாது என்றேன். “எழுது. அந்த மனுசனுக்கு உன்னட்டப் பேச்சு வாங்கிறது புதிசே?” என்றார். ஆகவே எழுதுகிறேன். இதை வாசிக்கிற நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். அட்லிஸ்வில் முருகன் கோயில் அன்னதானத்தில் அவர் கையால் சோறு வாங்கியவர்கள். உங்களிடமும் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அது பின்னால் வரும்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் அண்ணையும் நானும் பல வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்யமாட்டார். நத்தார்ப் பண்டிகை விருந்துக்கு முதல் நாள் வெறும் தள்ளுவண்டியை நடைவழி முழுக்க ஓட்டிப் பார்ப்பார். எந்தக் கதவடியில் சில்லு தடக்குகிறது, எந்த வளைவில் கோப்பைகள் ஆடும் என்று பார்த்து வைத்துக்கொள்வார். “வெறும் வண்டி ஓட்டிப் பாக்காம சூப்பை ஏத்தாதை” என்பது அவர் வாயில் ஓயாத வசனம். புதிதாக வேலைக்கு வருகிற சுவிஸ்காரருக்கும் அதை ஜெர்மனில் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவர் வேலை பார்த்த காலத்தில் அந்த நடைவழியில் ஒரு கரண்டி சூப் சிந்தி நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டு நாய்க்கும் அவர் அப்படித்தான் ஒத்திகை பார்த்தார். பஞ்சு என் மகள் அபியின் நாய். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அபி அழுது அடம்பிடித்து விலங்குக் காப்பகத்திலிருந்து கொண்டுவந்தது. வெள்ளை உடம்பு, மண்ணிறக் காது, பூனையைக் கண்டால் என் பின்னால் ஒளியும் வீரம். அபி தாதித் தொழிற்பயிற்சியின் இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அது சோர்ந்து படுத்தது. மண்ணீரலில் கட்டி, வெட்டி எடுக்க வேண்டும் என்று மிருக வைத்தியர் அடுத்த கிழமைக்கு நாள் குறித்தார். வயிற்றைத் தைத்த நாய் மாடிப்படி ஏறவே கூடாது என்றார். பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற எனக்கு இடுப்பும் இல்லை, முழங்காலும் இல்லை. அண்ணை அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அவர் வீடு நிலமட்டத்தில், சின்னத் தோட்டத்தோடு.

“நான் வைச்சுப் பாக்கிறன். ஒரு கிழமை கிடக்குத்தானே, பழக்குவம்” என்றார்.

முதியோர் இல்லத்துச் சமையலறையிலிருந்து ஒரு மயொனேஸ் வாளியை வாங்கிப்போய் அடியை வெட்டி எடுத்தார். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்புக்குப் பதிலாக அது. விளிம்புக்குத் துணி சுற்றி, முதலில் தன் தலையில் மாட்டிக்கொண்டு நாலு காலில் குசினிக்குள் சுற்றி வந்தார். கதவில் முட்டினார். “காது பக்கம் இறுக்குது” என்று இன்னும் கொஞ்சம் வெட்டினார். ராணி அக்கா சிரித்துச் சிரித்துக் கதிரையில் சாய்ந்துவிட்டார். பிறகு அந்த வாளிக்குள் தலையை விட்டுத் தின்னப் பஞ்சுவைப் பழக்கினார். தன் பழைய பெனியன் ஒன்றை அதற்குப் போட்டு முதுகில் முடிந்துவிட்டார். மல்லாத்திப் படுக்கவைத்து வயிற்றைத் தடவிப் பழக்கினார். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிக்கவார்த்தார், பிறகு காயம் நனையக் கூடாதல்லவா. “எல்லாம் முன்னமே தெரிஞ்சிருந்தா அதுக்குப் பயம் வராது. பயம் இல்லாத உடம்பு கெதியா ஆறும்” என்றார்.

அன்று பின்னேரம் நான் அட்லிஸ்வில்லுக்குப் போய்ப் பஞ்சுவின் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்துவந்தேன். நட்சத்திரம் என்ன என்று ஐயர் கேட்டார், அபியின் நட்சத்திரத்தைச் சொல்லிவைத்தேன். திருநீறோடு கொஞ்சம் சர்க்கரைப் பொங்கலும் தந்தார்கள். அண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமியின் பிரசாதம், மறுநாள் காலையில் ஒரு விரல் நுனியளவு பஞ்சுவின் நாக்கில் வைத்தால் என்ன என்று கேட்டேன். அண்ணை பொங்கலை என் கையிலிருந்து பறித்து முழுவதையும் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“நான் திண்டா அதுக்குச் சேரும். மயக்க ஊசி போடேக்க வயித்தில ஒண்டும் இருக்கக் கூடாது. டொக்டர் கேட்டா ஒண்டையும் மறைக்காதை, வதனி. இதுக்குள்ள பொய் வந்தா ஆளைச் சாகடிச்சுப்போடும்” என்றார்.

ஒன்றையும் மறைக்காதே என்று சொன்னவர் அவர். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. பஞ்சு நேரே அண்ணை வீட்டுக்குப் போனது. அதன் பாய்க்குப் பக்கத்தில் தானும் ஒரு பாய் விரித்துப் படுத்தார். உப்பில்லாத கோழி அவித்து, கஞ்சியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். மருந்துக் குளிசை கொடுப்பதில் ஒரு கெட்டித்தனம் வைத்திருந்தார். பாலாடைக்கட்டி மூன்று துண்டு. முதல் துண்டு சும்மா. இரண்டாவதில் குளிசை. மூன்றாவதை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். அதன் ஆசையில் பஞ்சு இரண்டாவதை மெல்லாமலே விழுங்கிவிடும். “கசப்பு தெரிய முதல் அடுத்ததைக் காட்டிப்போடவேணும்” என்றார். நான் கை தட்டினேன். அந்த வித்தையை என்னிடமும் காட்டுவார் என்று அப்போது நினைக்கவில்லை.

அபியை வரவேண்டாம் என்றார். “உன்னைக் கண்டா துள்ளும், தையல் பிஞ்சிடும். நீ படி. நான் வீடியோ அனுப்புறன்.” அனுப்பினார். பஞ்சு வாளியோடு கஞ்சி குடிக்கிறது, பெனியனோடு தோட்டத்தில் நிற்கிறது, அண்ணை “மெல்ல, மெல்ல” என்கிறார். அபி ஒவ்வொன்றையும் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் படிக்க உட்காருவாள். பரீட்சை தொடங்கியது. வீடியோக்கள் தவறாமல் வந்தன. தையல் எடுத்தாச்சு, காயம் மாறியாச்சு என்று குரலிலும் சொன்னார்.

கடைசிப் பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம் அபி கைபேசியைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். “அம்மா, தையல் எடுத்தாச்சு எண்டு போன கிழமை சொன்னவர். இண்டைக்கு வந்த வீடியோவில தையல் கிடக்குது. மயிரும் வளரேல்லை.” அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. இருவரும் அந்த நேரமே புறப்பட்டுப் போனோம்.

கதவைத் திறந்த அண்ணை எங்களைப் பார்த்தார், அபியின் கையில் இருந்த கைபேசியைப் பார்த்தார். “வாங்கோ, முதல் சாப்பிடுங்கோ. ராணி, சோறு போடு” என்றார். நம் ஆட்கள் முதலில் சாப்பிடச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அபிக்கும் தெரியும்.

“எப்ப, மாமா?” என்று கேட்டாள்.

“பரீட்சை தொடங்க முதல்” என்றார். “உள்ளுக்க ரத்தம் கசிஞ்சிருக்கு. விடிய எழுப்பப் போனன், எழும்பேல்லை. என்ர கையிலதான் தலை கிடந்தது. சாம்பலை வைச்சிருக்கிறன், அபி. தாறன்.”

இறந்த நாயின் பழைய வீடியோக்களை அவர் ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தார். அபி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த வாசலிலேயே நின்று குழறினாள். “என்ர நாய் அது. எனக்குச் சொல்லியிருக்கவேணும். நான் அதைத் தடவி விட்டிருக்கவேணும்” என்று மறுபடி மறுபடி சொன்னாள். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசி முடிய அவர் சொன்னது ஒன்றுதான்: “பிள்ளை நாளைக்குச் சோதினைக்குப் போகட்டும். அதுக்குப் பிறகு என்னை என்னவும் சொல்லுங்கோ.”

அபி போனாள், எழுதினாள், சித்தியடைந்தாள். அவர் செய்தது சரி என்று எல்லோரும் சொன்னார்கள். ஊரில் பிள்ளைகளுக்குச் சோதினை என்றால் அம்மம்மா செத்ததைக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தவர்கள்தானே நாங்கள் என்று கோயிலில் ஒருவர் எனக்கு விளக்கம் தந்தார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அண்ணையோடு கதைப்பதை நிறுத்தினேன். அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. சாம்பல் டப்பாவைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கதவுப்பிடியில் பையோடு தொங்கவிட்டுப் போனார்.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, எனக்கு முழங்கால் சத்திரசிகிச்சை என்று யார் மூலமோ கேள்விப்பட்டு அவரே அழைத்தார். வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை.

“ஒத்திகை பாத்தனியோ?” என்றார்.

அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது. “வாங்கோ. ஆனா ஒண்டு. இனி என்னட்ட ஒண்டையும் மறைக்கக் கூடாது. நல்லதோ கெட்டதோ, எனக்கு முதல் சொல்லவேணும். சொல்லுங்கோ, ஓமோ?” என்றேன்.

“ஓம் பிள்ளை. ஓம்” என்றார். இரண்டு தரம் ஓம் என்றவர்.

வந்தபோது மெலிந்திருந்தார். “சீனியைக் குறைச்சிட்டன், அதுதான்” என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். கம்பளங்களைச் சுருட்டி நிலவறையில் வைத்தார். சட்டி பானைகளைக் கைக்கு எட்டும் உயரத்துக்கு மாற்றினார். சத்திரசிகிச்சைக்கு முன்பே ஊன்றுகோலில் என்னை நடக்கவைத்தார். கட்டிலின் எந்தப் பக்கத்தால் இறங்குவது என்று இறக்கிக் காட்டினார். இடையில் கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “உங்களுக்கு என்ன செய்யுது?” என்று கேட்டேன். “உன்னை மேய்க்கிறது லேசான வேலையே?” என்றார். நான் சிரித்தேன். கணையத்தில் வந்த புற்றுநோய் ஈரல் வரைக்கும் போய்விட்டதென்று வைத்தியர்கள் அவரிடம் சொல்லி அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. இதை இப்போதுதான் ராணி அக்கா சொன்னார்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு தினமும் காலையில் அவருடைய குரல் வந்தது. “இண்டைக்குக் கட்டில் விளிம்பில இரு, அது காணும்.” “இண்டைக்கு முழங்காலை மடிக்கச் சொல்லுவினம். நோகும். பல்லைக் கடி.” “நல்ல வெயில், யன்னலடியில போய் இரு.” அன்றைக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. “உங்கையோ வெயில்? இஞ்ச மழை, அண்ணை” என்று பதில் அனுப்பினேன். ஒரு பெருவிரல் அடையாளம் வந்தது. “உங்கட சீனி எப்பிடி?” என்று கேட்டேன், மறுநாள் நடைப்பயிற்சி பற்றித்தான் சொன்னார். ஆம்பிளைகள் கேட்ட கேள்விக்கு எப்போது மறுமொழி சொன்னார்கள் என்று விட்டுவிட்டேன். தையலைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தவளின் தாய் நான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் அந்தக் குரல்களை எல்லாம் கட்டிலில் கிடந்தபடி முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார். அவர் போன பிறகு ராணி அக்கா கண்ணீரோடு ஒவ்வொன்றாக எனக்கு அனுப்பியிருக்கிறார். அந்தப் பெருவிரலும் ராணி அக்கா அனுப்பியதுதான்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. சமையலறையில் எங்களோடு வேலை செய்த இரண்டு பேர் ஒருநாள் பின்னேரம் என்னைப் பார்க்க நடைப்பயிற்சி நிலையத்துக்கு வந்தீர்கள். சூப் கொண்டுவந்தீர்கள். இருவருக்கும் தலை ஈரமாக இருந்தது. “இந்தக் குளிருக்குள்ள தலை முழுகிப்போட்டு வாறியளே, விசரே உங்களுக்கு?” என்று ஏசித் துவாய் எடுத்துத் தந்தேன். வாங்கித் துடைத்தீர்கள். செத்தவீட்டுக்குப் போய்வந்து தலை முழுகிய ஈரம் அது. என் துவாயால் அதைத் துடைத்துக்கொண்டு, அண்ணை எப்படி இருக்கிறார் என்று நான் கேட்க, “இருக்கிறார்” என்றீர்கள். பெயர் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

அபிக்கும் மறைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அபி இப்போது எம்மன்புரூக்கேயில் இருக்கிறாள், வைத்தியசாலையில் வேலை. தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. ஊன்றுகோல்களோடு ரயில் மாறி மாறிப் போனேன். சாப்பிடச் சொல்லக் கூடாது, சுற்றி வளைக்கக் கூடாது, கதவைத் திறந்ததும் நேரே சொல்லிவிட வேண்டும் என்று வழி முழுக்க எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த அபி என் முகத்தைப் பார்த்தாள். “அம்மா… ஆர் சொன்னது?” என்றாள்.

ஊன்றுகோல் கையை விட்டு விழுந்தது. நடைப்பயிற்சி நிலையத்துக்கு ஞாயிறுதோறும் வந்தவள் அவள். பழம் வெட்டித் தந்தவள். “நீயுமோ?” என்றேன்.

“கடைசி நாள் நான்தான் மாமாவுக்குப் பக்கத்தில இருந்தனான். அவர் கேட்டவர். முதல் ஏலாதெண்டுதான் சொன்னனான், பஞ்சுவை நினைச்சு. பிறகு உங்கட முழங்காலை நினைச்சன். சொல்லியிருந்தா நீங்கள் கட்டிலை விட்டு இறங்கி வந்திருப்பியள், அம்மா.”

வந்திருப்பேன். உண்மைதான். வந்து, விழுந்து, எழும்பி அவர் முகத்தைப் பார்த்திருப்பேன்.

“என்ர முழங்காலை எல்லாரும் நினைச்சிருக்கிறியள். என்னை ஒருத்தரும் நினைக்கேல்லை” என்றேன். அபி அழுதாள். நானும் அழுதேன். ஆனால் அவள் கையைப் பிடிக்க அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை.

தவராசா அண்ணை, நீங்கள் செய்தது பிழை. என் கால் நன்றாக ஆறிவிட்டது, வைத்தியர் மெச்சுகிறார், ஆனாலும் பிழைதான். நீங்கள் எனக்காகப் பேசிவைத்த குரல்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஒன்றைக்கூட அழிக்கவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை. அடி வெட்டிய வாளி நிலவறையில் இருக்கிறது. உங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒத்திகைப் பழக்கமும் இருக்கிறது. எனக்கு ஏதாவது நடந்தால் யாருக்கு எப்படிச் சொல்வது என்று அபியைச் சொல்லிப் பார்க்க வைத்திருக்கிறேன். “அம்மா செத்திட்டா” என்று அன்றைக்கே, அந்த நேரமே, எல்லோருக்கும். சோதினை, பிள்ளைப்பேறு, முழங்கால் ஒன்றும் பார்க்கக் கூடாது. இதோடு உங்கள்மேல் உள்ள கோபத்தையும் வைத்திருக்கிறேன். அதை விடச் சொல்லி யாரும் என்னிடம் வரவேண்டாம்.

நேற்றுக் கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு ஒற்றை ஊன்றுகோலோடு மூன்று மாடியும் ஏறினேன். கதவடியில் நின்று, பழக்கத்தில், காலைப் படம் எடுத்து அண்ணைக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. பாலைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த இலக்கத்திலிருந்து ஒத்திகை பாராமல் எனக்கு வந்த முதல் உண்மை அதுதான்.